இரண்டு கிராம் உயிரும் ஒரு கிலோமீட்டர் உலகமும்

தாய்லாந்தின் மேற்கு ஓரத்தில் ஓடும் குவாய் நொய் ஆற்றுப் பள்ளத்தாக்கு தமிழர்களுக்குத் துயரமான காரணத்தால் தெரிந்த இடம். 1942-43இல் ஜப்பானியப் படை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டபோது, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கூட்டங்கூட்டமாக மாண்டது இந்தக் கரையோரத்தில்தான். போர்க்கைதிகள் உளியும் சம்மட்டியும் கொண்டு பிளந்த பாறைகளை காஞ்சனபுரி மாகாணத்தின் சாய் யோக் பகுதியில் இன்றும் பார்க்கலாம். அந்தப் பாதை நெடுகிலும் சுண்ணாம்புக் குன்றுகள், குன்றுகளுக்குள் குகைகள். அந்தக் குகைகளின் கூரையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு வௌவால், தண்டவாளம் போட்டு முப்பது ஆண்டுகள் கழித்து, 1973 அக்டோபரில்தான் அறிவியலின் கணக்கில் ஏறியது.

கண்டெடுத்தவர் கிட்டி தொங்லொங்யா என்ற தாய்லாந்து விலங்கியலாளர். சாய் யோக் அருவிப் பக்கத்துக் குகைகளில் பிடித்த மாதிரிகள் எந்த வகையிலும் அடங்கவில்லை. பன்றியின் மூக்குபோல முன்னே புடைத்த மூக்கு, வால் இல்லாத உடம்பு, கட்டைவிரலைவிடச் சிறிய உருவம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வௌவால் வகைப்பாட்டில் பெயர்பெற்றிருந்த ஜான் எட்வர்ட்ஸ் ஹில்லுக்கு மாதிரிகள் போயின. பதில் வந்து சேருமுன், 1974இன் தொடக்கத்தில், கிட்டி திடீரென இறந்துபோனார். அதே ஆண்டு ஹில் விலங்கை முறைப்படி விவரித்து, இறந்தவரின் பெயரையே சூட்டினார்: கிரேசியோனிக்டெரிஸ் தொங்லொங்யாயி. புதிய சிற்றினம் என்று சொன்னால் போதவில்லை. புதிய பேரினம் என்றாலும் போதவில்லை. இதற்கென ஒரு தனிக் குடும்பத்தையே ஏற்படுத்த வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்தில் இன்றுவரை உயிரோடிருக்கும் ஒரே உறுப்பினர் இதுதான்.

கிட்டி என்ற பெயர் தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை, இங்கே அதை அறிந்தவர்கள் குறைவு என்றாலும். 1948இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். ஊர் முழுக்கக் காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று நினைத்து, மாதிரி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சேர்க்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ கால் நூற்றாண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்த கிட்டிக்கு வால் இல்லாததும் பற்களின் அமைப்பும் உறுத்தின. 1972இல் அது புதிய பேரினம் என்று நிறுவி, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். இன்று இந்தியச் சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்புத் தந்திருக்கும் மிகச் சில வௌவால்களில் அதுவும் ஒன்று. 1972க்கு முன்பே, 1968இல், தாய்லாந்தின் புயெங் போராபெத் ஏரியில் வெண்கண் ஆற்றுத் தகைவிலானை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். இளவரசி சிரிந்தோர்னின் பெயர் தாங்கிய அந்தப் பறவையை 1980க்குப் பிறகு யாரும் ஐயமறப் பார்த்ததில்லை, அநேகமாக அழிந்துவிட்டது. ஐந்தாறு ஆண்டுகளில் ஒரே மனிதர் வெளிக்கொணர்ந்த மூன்று உயிர்களில் ஒன்று கைநழுவிவிட்டது. இரண்டு இன்னும் நம்மோடு இருக்கின்றன. அவற்றுள் சிறியது இருக்கும் நிலையைப் பார்ப்போம்.

உடல் நீளம் 29 முதல் 33 மில்லிமீட்டர். எடை இரண்டு கிராமை ஒட்டி. தராசின் ஒரு தட்டில் நம் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால், மறு தட்டில் இரண்டு வௌவால்களை வைத்தால்தான் முள் ஏறத்தாழ நடுவுக்கு வரும். முதுகு செம்பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும், அடிவயிறு வெளிறியது. கண்கள் இருக்கின்றன, ஆனால் ரோமத்தை விலக்கித்தான் தேட வேண்டும். காதுகள் முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. ஆணின் தொண்டை அடியில் சுரப்பி ஒன்று வீங்கி நிற்கும். வெளியே வால் தெரியாது. ஆனால் பின்னங்கால்களுக்கிடையே அகன்ற சவ்வு விரிந்திருக்கும். உடம்புக்கு மிஞ்சிய நீளத்தில் இறக்கைகள், அதனால் ஒரே இடத்தில் அந்தரத்தில் சற்று நின்று பறக்கவும் முடிகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வண்டின் பெயரை வைத்து ஒரு செல்லப்பெயர் புழங்குகிறது. தாய்லாந்து மக்களோ மரியாதை கொடுத்து ‘குன் கிட்டி வௌவால்’ என்கிறார்கள், அதாவது கிட்டி ஐயாவின் வௌவால்.

உலகின் மிகச் சிறிய பாலூட்டி எது என்ற பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை. எடையை வைத்தால் எட்ருஸ்கன் மூஞ்சூறு சற்று இலேசானது. மத்தியதரைக்கடலிலிருந்து தெற்காசியா வரை பரவியிருக்கும் அந்த மூஞ்சூறின் சராசரி எடை இரண்டு கிராமுக்கும் குறைவு. மண்டையோட்டின் அளவையும் உடல் நீளத்தையும் வைத்தால் வெற்றி வௌவாலுக்கு. சாதனைப் புத்தகக்காரர்களுக்கு இது முக்கியமான வழக்காக இருக்கலாம். வெப்பக் கணக்குப் போடுபவருக்குச் சுவையான செய்தி வேறு. உடல் சுருங்கச் சுருங்க, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகிறது. சூடு அந்தத் தோல் வழியாக ஓயாமல் கசிகிறது. மூஞ்சூறு இரவும் பகலும் தின்றுகொண்டே அந்த நட்டத்தை ஈடுகட்டுகிறது. இந்த வௌவால் தின்னப் போகும் நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

மீதி நேரம் முழுக்கக் குகையில். இதன் வாழ்க்கையின் விடை அங்கேதான் இருக்கிறது.

மலேசியாவின் பத்துமலைக்குப் போனவர்களுக்கு இந்த மாதிரிக் குன்றைப் பற்றிச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. முருகன் குடியிருப்பது அத்தகைய சுண்ணாம்புக் குகையில்தான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் விரிசல்களில் இறங்கி, சுண்ணாம்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்று, அறைகளையும் கவிகை மாடங்களையும் குடைகிறது. கூரையில் குடைந்த மாடத்தில் வெதுவெதுப்பான காற்று ஏறித் தேங்கும். வெளியே போக வழியில்லை. கிட்டியின் வௌவால் தேடிப்போய்த் தொங்குவது பெரும்பாலும் அப்படிப்பட்ட உயரமான இடங்களில்தான், குகையின் உள்ளொடுங்கிய அறைகளில். மற்ற பல வௌவால்களைப் போல ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொள்வதில்லை. ஒவ்வொன்றும் இடைவெளி விட்டுத் தொங்குகிறது. ஒரு குகையில் பத்துப் பதினைந்து இருக்கலாம், சராசரியாக நூறு, ஐந்நூறு வரை எண்ணப்பட்ட குகைகளும் உண்டு. ஆண்டுக்கு ஒரே குட்டி, அதுவும் கோடையின் கடைசியில், ஏப்ரலை ஒட்டி. தாய் இரைதேடப் போகும்போது குட்டி குகையிலேயே இருக்கும். தாய் வீட்டிலிருக்கும்போது அதன் உடம்பைப் பற்றிக்கொண்டிருக்கும்.

மாலையில் சூரியன் இறங்கியதும் குகை வாயிலில் முதல் நிழல்கள் அசையும். ஆளைவிட உயரத்தில், மூங்கில் புதரின் நுனிகளையும் தேக்கு மரத்தின் உச்சிகளையும் சுற்றிச் சுற்றிப் பறக்கும். ஏறத்தாழ அரைமணி நேரம், அவ்வளவுதான், திரும்பிவிடும். விடியலுக்கு முன் இருபது நிமிடம்போல் மறுபடி ஒரு சுற்று. கனமழை பெய்தாலோ குளிர் கூடினாலோ அதுவும் சுருங்கும். குகையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது. சிக்குவது பெரும்பாலும் சின்னஞ்சிறு ஈக்கள், சிறு குளவியினப் பூச்சிகள். இரைப்பையைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சிலந்திகளும் கிடைத்தன. சிலந்திக்கு இறக்கை கிடையாது. ஆகவே பறந்துகொண்டே இலையிலிருந்து கொத்தியெடுக்கும் வித்தையும் இதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனை குறுகிய அவகாசத்தில் வேலையை முடிப்பதென்றால், வெளியே எப்போது பொழுது சாய்கிறது என்பதை இருட்டுக்குள் இருந்தபடியே கணிக்க வேண்டும். குகை வௌவால்களின் இந்தக் கணிப்பைப் பற்றி மதுரையில் நடந்த ஆராய்ச்சி உலகப் புகழ்பெற்றது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவரோடு ஜி. மாரிமுத்து முதலியோரும் வேறோர் இனமான இலைமூக்கு வௌவாலைக் குகைக்குள் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே படாத இடம். ஆனாலும் சுற்றியிருந்த கூட்டம் வெளியேறுவதையும் திரும்புவதையும் அனுசரித்துக் கூண்டிலிருந்தது தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. கூட்டமில்லாத குகையில் வைத்தபோது கடிகாரம் மெல்ல மெல்லத் தவறிப்போனது. 1981இல் வெளியான இந்த முடிவு, குகையில் வாழும் வௌவாலுக்குக் கூட்டம் என்பது துணை மட்டுமல்ல, காலங்காட்டியும்கூட என்பதைக் காட்டியது. ஒரு குகையில் எண்ணிக்கை பாதியாகும்போது அங்கே என்னென்ன குலைகிறது என்று யோசிக்க இது இடம் தருகிறது.

இருட்டில் இது இரையைக் காண்பது காதால். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். தாய்லாந்தில் இந்த வௌவால் எழுப்பும் ஒலியின் வலுவான பகுதி 70 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். இவ்வளவு உச்சமான ஒலியைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும். தொலைவில் இருப்பது எதுவும் எதிரொலியில் தெரியாது. கிட்டத்தில் இருப்பது மட்டும், கொசுவைவிடச் சிறிய பூச்சியாக இருந்தாலும், துல்லியமாகத் தெரியும். சிறு உடம்பு, சிறு இரை, சிறு தொலைவு என்று எல்லாமே ஒரே கணக்கில் விழுகின்றன.

உறவுமுறை மட்டும் எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் எல்லாம் ஒரு கிளை, பழம் தின்னும் பெரிய வௌவால்கள் இன்னொரு கிளை என்றுதான் நீண்டகாலம் பாடம் நடந்தது. மரபணு ஒப்பீடுகள் அந்தப் பாடத்தைக் கலைத்துவிட்டன. கிட்டியின் வௌவாலும், கோயில் மண்டபங்களில் தொங்கும் எலிவால் வௌவாலும், குதிரைலாட வௌவாலும் பழந்தின்னிகளோடு ஒரே பெரும்பிரிவில் அடங்குகின்றன. நம் வீட்டு ஓட்டிடுக்கில் நுழையும் சின்ன வௌவால் மறு பிரிவு. ஆக, அந்த வீட்டு வௌவாலைவிட, ஒரு கிலோவைத் தாண்டக்கூடிய இந்தியப் பழந்தின்னி வௌவால்தான் இந்த இரண்டு கிராம் பிராணிக்கு நெருங்கிய சொந்தம். இதன் கிளை மற்றவற்றிலிருந்து பிரிந்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்கின்றன மதிப்பீடுகள். லண்டன் விலங்கியல் கழகம் பரிணாமத் தனித்துவமும் ஆபத்தும் சேர்ந்த உயிரினங்களுக்காக 2007இல் தொடங்கிய எட்ஜ் திட்டத்தில் இதைச் சேர்த்ததற்கு அந்தத் தனிமையே காரணம்.

கால் நூற்றாண்டுக்கு மேல் இது தாய்லாந்துக்கே உரியது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2001இல் மியான்மரிலிருந்து செய்தி வந்தது. கயின், மோன் மாநிலங்களில், தன்லுவின் என்று மியான்மரில் அழைக்கப்படும் சால்வீன் ஆற்றுப் படுகையின் குன்றுகளிலும் இதே வௌவால். சயாம்-பர்மா மரண ரயில்பாதையின் மறுமுனையான தான்பியூசயாத்தும் அதே மோன் மாநிலத்தில்தான் இருக்கிறது. மூன்று பகோடா கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே பிராணி, நடுவே எல்லைமலை.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? 2011இல் செபாஸ்தியான் புயெக்மாய் குழுவினர் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் விடையளித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையே மரபணுக் கொடுக்கல் வாங்கல் துளியும் இல்லை. எதிரொலிக் குரலும் வெகுவாக மாறியிருக்கிறது. குரல் மாறியதால் பிரிந்தார்களா, பிரிந்ததால் குரல் மாறியதா என்பதுதான் பரிணாமவியலில் நெடுநாள் வழக்கு. இங்கே பெரும்பாலும் மலைகள் பிரித்தது முதலில், குரல் மாறியது பிறகு என்று அவர்கள் கருதினார்கள். தாய்லாந்துக்குள்ளேயும் ஒரு குகைக்கும் அடுத்த குகைக்கும் தூரம் கூடக் கூட மரபணு உறவு மங்குவது தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் பிழைப்பை முடித்துக்கொள்ளும் பிராணியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? ஆனால் இதன் விளைவு சாதாரணமானதல்ல. ஒரு குன்று போனால், அங்கிருந்த கூட்டத்தின் இடத்தைப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. வரைபடத்தில் ஓர் இனம் என்று ஒற்றை வண்ணத்தில் தெரிவது உண்மையில் தனித்தனிக் குகைகளின் தொகுப்பு.

இந்த வௌவாலுக்கு முதலில் வந்த ஆபத்து புகழிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. உலகின் மிகச் சிறிய பாலூட்டி என்ற செய்தி பரவியதும் சேகரிப்பாளர்கள் குகைகளை முற்றுகையிட்டார்கள். அருங்காட்சியகங்களுக்கென்று பிடித்தது போக, சுற்றுலாப் பயணிகளுக்கு நினைவுப்பொருளாக விற்கவும் பிடித்தார்கள். சாய் யோக் தேசியப் பூங்கா 1980இல் அமைக்கப்பட்டது. ஆனால் பல குகைகள் அதன் எல்லைக்கு வெளியே, கரும்புக் காடும் மரவள்ளிக் கொல்லையும் சூழ்ந்த ஒற்றைக் குன்றுகளில் இருக்கின்றன. 1990களின் இறுதியில் யாதானா எரிவாயுக் குழாய் மியான்மரிலிருந்து காஞ்சனபுரிக் காடுகள் வழியாக வந்தபோது, எதிர்ப்பாளர்கள் முன்வைத்த காரணங்களில் இந்த வௌவாலும் ஒன்றாக இருந்தது. குழாய் வந்துதான் சேர்ந்தது.

அன்றாடத் தொல்லைகள் அவ்வளவு சத்தமில்லாதவை. புத்த பிக்குகள் தியானத்துக்குக் குகைகளை நாடுவது தாய்லாந்தில் பழைய மரபு. குகைக்குள் சிலை வைத்து, விளக்குப் போட்டு, ஊதுவத்தி கொளுத்தினால் பக்தர்கள் வருகிறார்கள். புகை மேலே ஏறுகிறது. ஏறித் தேங்கும் இடம் எதுவென்றால் வௌவால் தொங்கும் அதே கூரை மாடம். பத்துமலையிலும் மியான்மரின் பா-அன் நகரைச் சுற்றியுள்ள குகைக் கோயில்களிலும் மனிதர்கள் கும்பிடும் இடத்தைப் பிடுங்க வேண்டுமென்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு குகையில் எல்லா அறைகளிலும் விளக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்கலாம். இந்தப் பிணக்கைத் தீர்க்க முடியும். பிக்குகளிடம் பேசிப் பார்க்க வழி இருக்கிறது.

சிமெண்டோடு பேச்சுவார்த்தை நடத்துவது கடினம். சிமெண்டுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்; சமவெளியில் துருத்தி நிற்கும் குன்று கண்ணுக்கு நேரே கிடைக்கும் சரக்கு. கயின் மாநிலத்தில் குன்றுகளுக்கு வெடிவைத்துக் கல் எடுப்பது நடந்துகொண்டிருக்கிறது. அழிவது வௌவால் மட்டுமல்ல. மியான்மரின் சுண்ணாம்புக் குன்றுகளில் இரண்டு வார ஆய்வில் பதினைந்து புதிய பல்லியினங்கள் கிடைத்ததாக 2017இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் குன்றுகளில் வேறெங்கும் இல்லாத நத்தைகளும் செடிகளும் வாழ்கின்றன. காட்டை வெட்டினால் மறுபடி நடலாம் என்றாவது ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். குகையை மறுபடி குடைய மழைக்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகள் வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சிவப்புப் பட்டியலைத் திறந்தால் முரண்பாடு ஒன்று தெரிகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முன்பு இதை ‘அழியும் ஆபத்தில்’ வைத்திருந்தது. பிறகு ஒரு படி இறக்கி ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்றது. இப்போது இன்னும் ஒரு படி இறங்கி ‘அச்சுறுத்தலை அண்மித்தது’. வௌவால் பெருகிவிட்டதா? அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. தேடுபவர்கள்தான் பெருகினார்கள். முதலில் ஒரு சில குகைகள் என்றிருந்தது, இப்போது தாய்லாந்தில் மட்டும் நாற்பதைத் தாண்டிவிட்டது, மியான்மர் சேர்ந்தது. எண்ணும் கை நீண்டதால் எண்ணிக்கை கூடியது. பட்டியலில் படி இறங்கியதை நற்செய்தியாக எடுத்துக்கொண்டு நிதி ஒதுக்குபவர்கள் வேறு பக்கம் திரும்பிவிடுவதுதான் இதில் உள்ள சிக்கல். நாற்பது குகைகளில் சில ஆயிரம் உயிர்கள், ஆண்டுக்கு ஒரு குட்டி, பக்கத்துக் குகைக்குக்கூட எளிதில் போகாத பழக்கம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு அந்தப் படி இறக்கம் அவ்வளவு நிம்மதி தராது.

காப்பாற்றச் செலவு அதிகமில்லை என்பதுதான் இதில் வியப்பு. புலிக்கும் யானைக்கும் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் காடு தேவை, வழித்தடம் தேவை, ஊர்களோடு சமரசம் தேவை. இதற்கு வேண்டியது குகையின் ஓர் அறை, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் மூங்கிலும் மரமும். குட்டி ஈனும் மாதங்களில் மட்டுமாவது அந்த அறைக்குள் ஆட்களை விடாமல் இருப்பது பெரிய காரியமில்லை. குகை வாயிலை அடைக்க நினைப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தவறான கம்பிக்கதவு வௌவாலையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிடும்.

மூங்கில் பக்கம் இன்னொரு தலைவலி இருக்கிறது. மேற்குத் தாய்லாந்தில் கோடை என்றால் தீ. கரும்புச் சருகைக் கொளுத்துவது, காட்டோரச் சருகைக் கொளுத்துவது எல்லாம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அரசு ஆண்டுதோறும் தடை போடுகிறது. புகையும் ஆண்டுதோறும் எழுகிறது. பாங்காக்கில் அந்தப் புகை மனித நுரையீரலைப் பற்றிய செய்தியாக வருகிறது. சாய் யோக்கில் அதே வாரங்களில்தான் தாய் வௌவால் குட்டி ஈனும் காலமும் வருகிறது. பாலூட்டும் அந்த நாட்களில் அது பூச்சி தேட நம்பியிருப்பது, எரியாமல் மிஞ்சிய மூங்கில் நுனிகளை.